கோரையைப் பிடுங்கிவிட்டுக் கோழியைத் தேடுகிறவர்களுக்கு

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு படித்துக்கொள்ளலாம். படிக்காமல் ‘அருமை ஐயா’ மட்டும் போட வேண்டாம். யாரையும் மகிழ்விக்க இதை எழுதவில்லை.

ஆடி மாதம் எங்கள் ஊர்க் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் சித்தேரி, உள்வாய் ஓரமெல்லாம் கோரையும் சம்பும். இரண்டாவது படத்தில் அதே சித்தேரி, கழுவிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி. நடுவில் ஜேசிபி, அதற்கு முன்னால் ஒரே நிற டீசர்ட்டில் இருபது பிள்ளைகள். ‘புதர் மண்டிக் கிடந்த ஏரி புத்துயிர் பெற்றது’ என்று தலைப்பு. லைக் குவிந்தது. நான் போடவில்லை. அந்த இருபது பேரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அதனால் அன்று வாயைத் திறக்கவும் இல்லை. அது என் தப்பு.

ஆவணி பிறந்து மழை பெய்தது. அதே குழுவில், அதே பிள்ளைகளில் ஒருவன் கேட்கிறான்: ‘மழை பேஞ்சா ராத்திரி பூரா சம்பங்கோழி கத்துமே, இந்த வருசம் சத்தமே காணோமே, ஏன்?’ அதற்குக் கீழே நாற்பது பதில். செல்போன் டவர் என்கிறான் ஒருவன். பட்டாசு என்கிறான் இன்னொருவன். பருவநிலை மாற்றம் என்று ஒரு பெரிய மனிதர். எவருக்கும் அந்த ஜேசிபி நினைவுக்கு வரவில்லை.

இப்போது பெரிய ஏரிக்கும் இதே ‘புத்துயிர்’ கொடுக்கப் போகிறார்களாம். இனி சும்மா இருக்க முடியாது.

முதலில் என் கணக்கை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 31 வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். அதில் முதல் பத்து வருடம் கோரை ஒரு வகைப் புல் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ‘கோரைப்புல்’ என்று நாமே சொல்கிறோமே, பிறகென்ன? ஒருநாள் எட்டாம் வகுப்பில் பாய் முடைகிற வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, ‘சார், புல்லு உருளும், கோரை உருளாது’ என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு தண்டைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. முக்கோணமாக இருந்தது. கிள்ளிப் பார்த்தால் உள்ளே சோறு போல் நிறைந்திருந்தது. புல்லுக்குத் தண்டு உருண்டை, கணுக்கள் உண்டு, பெரும்பாலும் உள்ளே கூடு. கோரைக்கு மூன்று விளிம்பு, கணு தெரியாது, உள்ளே கெட்டி, இலையும் மூன்று வரிசையாகத்தான் கிளம்பும். குடும்பமே வேறு. உலகத்தில் 5,000க்கும் மேற்பட்ட கோரை இனங்கள் இருக்கின்றன. பழைய எகிப்தியர் எழுதிய பாப்பிரசும் ஒரு கோரைதான். மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் வாத்தியாருக்குத் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘கோரை’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் வயலில் களை பறித்த முதுகுவலிதான் நினைவுக்கு வருகிறது. நியாயம்தான். வயலில் வருகிற கோரை, அதாவது முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கிழங்குக் கோரை, உலகத்திலேயே மோசமான களை என்று பேரெடுத்தது. மேலே அறுத்தால் கீழே கிழங்கு இருக்கும், ஒரு கிழங்கு ஒன்பதாகும். அதைத் திட்டுகிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கோரை செய்த குற்றத்துக்கு 5,000 கோரைக்கும் தூக்குத் தண்டனையா? வயலில் களையாக இருப்பது ஏரியிலும் களையாகத்தான் இருக்க வேண்டுமா?

இந்தச் செடியின் பெயரை ஒரு பறவைக்கே வைத்த ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ‘செட்ஜ் வார்ப்ளர்’ என்று ஒரு சின்னக் குருவி. செட்ஜ் என்றால் கோரை. கோரைக் கதிர்க்குருவி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. கண்ணுக்கு மேல் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. கோடையில் ஐரோப்பா, குளிரில் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா. கிளம்புவதற்கு முன் நாணலில் மொய்க்கும் அசுவினியைத் தின்று தின்று எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். 1789இல் வெளிவந்த செல்போர்ன் இயற்கை வரலாற்றில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இந்தக் குருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். ராத்திரியில் பாடுமாம். பாடாமல் இருந்தால் புதருக்குள் ஒரு மண்ணாங்கட்டியை எறிந்தால் போதுமாம், உடனே பாட ஆரம்பித்துவிடுமாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. என் வகுப்பில் சில பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள்.

ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, ‘சார், இங்க அதுக்கு நாணல் பேரு வச்சிருக்காங்க. கோரைப் பேரு வேற குருவிக்கு’ என்றான். தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஜெர்மானியர் ‘செக்கன்-ரோர்-செங்கர்’ என்று அழைப்பது இன்னொரு குருவியை. செக்கே என்றால் கோரை, ரோர் என்றால் நாணல், செங்கர் என்றால் பாடகன். ஆங்கிலத்தில் இதற்கு ‘அக்வாடிக் வார்ப்ளர்’, அதாவது நீர்க் கதிர்க்குருவி என்று பொத்தாம்பொதுவான பெயர். ஆங்கிலேயர் கோரைக் குருவி என்று அழைக்கும் பறவை நாணலிலும் முள்புதரிலும்கூடச் சமாளித்துக்கொள்ளும். ஜெர்மானியர் கோரைப் பெயர் வைத்த பறவையோ கோரை இல்லாவிட்டால் பிழைக்காது. இந்த விஷயத்தில் ஜெர்மானியருக்குத்தான் என் மதிப்பெண்.

(பெயர் பொய் சொல்வது நம் ஊரிலும் உண்டு. குளிர்காலத்தில் நம் தோட்டத்துக்கு வந்து ‘டக், டக்’ என்று நாக்கைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் போடுமே, பிளித் நாணல் கதிர்க்குருவி? மேலே சொன்ன இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம். பெயரில் நாணல் இருக்கிறது, அது குடியிருப்பதோ கறிவேப்பிலை மரத்திலும் செம்பருத்திச் செடியிலும்.)

அந்த நீர்க் கதிர்க்குருவியின் கதையை நம் ‘புத்துயிர்’ குழுவினர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீர், அதில் குத்துக் குத்தாகக் கோரை, கோரை அடியில் கூடு. இது மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது குஞ்சு பொரிக்கும். ஆண் பாடுவதோடு சரி, குஞ்சுக்கு இரை தேடுவதெல்லாம் பெண்தான், அதனால் பூச்சி நிறைந்த கோரைக்காடு பக்கத்திலேயே வேண்டும். அப்படிப்பட்ட இடங்களை ஐரோப்பா என்ன செய்தது? ‘சும்மா கிடக்கிற சதுப்பு’ என்று வாய்க்கால் வெட்டி வடித்து வயலாக்கியது. மேற்கு ஐரோப்பாவில் இந்தக் குருவி கூடு கட்டுவது அநேகமாக நின்றே போனது. சோவியத் காலத்தில் பெலாரசிலும் பெரும் சதுப்புகளை வடித்தார்கள். இன்று ஐரோப்பாவின் நிலப்பரப்பில் மிக அரிதான வலசைப் பாட்டுக்குருவி இதுதான் என்கிறார்கள். பெலாரஸ், போலந்து, உக்ரைன், லித்துவேனியா என்று விரல்விட்டு எண்ணும் நாடுகளில்தான் மிச்சம்.

இப்போது திரும்பக் கொண்டுவரப் படும் பாட்டைக் கேளுங்கள். 2018இல் பெலாரசின் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளை எடுத்துப்போய், லித்துவேனியாவில் வைத்துக் கையால் பூச்சி ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டார்கள். ஆப்பிரிக்கா போய்விட்டு அடுத்த வருடம் சில திரும்பி வந்தன. கூத்தாடினார்கள். போலந்தின் பியெப்ஷா ஆற்றுச் சதுப்பில் வேறு ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். அங்கே முன்பு குடியானவர்கள் மாட்டுக்குத் தீவனமாகக் கோரையைக் கையரிவாளால் அறுப்பார்கள். அந்த வழக்கம் நின்றதும் வில்லோ மரமும் நாணலும் ஏறிக் கோரையை விழுங்கின, குருவியும் குறைந்தது. ஆகவே குஞ்சுகள் பறந்தபிறகு, பகுதி பகுதியாக, மறுபடி அறுக்க ஆரம்பித்தார்கள். சேற்றில் புதையாமல் இருக்க, பனிச்சறுக்கு மைதானத்தைச் சமப்படுத்தும் இயந்திரத்தை மாற்றிச் செய்து ஓட்டுகிறார்கள். அவர்கள் அறுக்கிறார்கள், வேரோடு பிடுங்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் வேண்டுமா? பரத்பூர். ஒரு காலத்தில் சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்துக்கு வந்த இடம். 1960களில் இருநூறு வரை வந்தன. சைபீரியாவிலிருந்து வந்து அவை முக்கியமாகத் தின்றது எதைத் தெரியுமா? சேற்றுக்குள் அலகைவிட்டுத் தோண்டிய கோரைக்கிழங்கை. நம் வயலில் நாம் சபிக்கும் அதே முத்தக்காசும் அதில் உண்டு. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். பறவைகளுக்கு நல்லது என்றுதான் செய்தார்கள். அதை எதிர்த்த கிராமத்து மக்கள் மீது துப்பாக்கிச் சூடே நடந்தது, உயிர்கள் போயின. எருமை போனதும் தண்ணீர்ப் புல் கட்டுக்கடங்காமல் படர்ந்து நீரை மூடியது. பத்து வருடம் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே மேய்ச்சல் தடை தவறான பலன் தந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கொக்குகள் 2001-02 குளிர்காலத்தோடு வருவதை நிறுத்திவிட்டன. எருமையை விரட்டியதுதான் கொக்கை விரட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். வரும் வழியெல்லாம் அவற்றுக்கு வேட்டைத் துப்பாக்கி காத்திருந்தது. ஆனால் ஏரியின் செடிகொடியில் கை வைக்கிறவன் நல்ல எண்ணத்தோடு வைத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மொத்தமாக விட்டாலும் ஆபத்து, மொத்தமாகப் பிடுங்கினாலும் ஆபத்து.

இப்போது எங்கள் சித்தேரிக்கு வருகிறேன்.

புத்தகத்தில் கம்புள் கோழி என்று இருக்கும், அது சங்கப் பாடல்களிலேயே வருகிற பெயர். எங்கள் ஊரில் அதற்குச் சம்பங்கோழி என்றுதான் பெயர். வெள்ளை மார்பு, வாலடியில் செங்கல் நிறம், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும். அது ஒளிந்து நிற்கிற செடிக்குப் பெயர் சம்பங்கோரை. செடிநூல்காரர்கள் சம்பு உண்மையான கோரை இல்லை, அது தனிக் குடும்பம் என்பார்கள். சரிதான், முக்கோணத் தண்டு அதற்குக் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்க் காதுக்குச் சம்பங்கோரையும் சம்பங்கோழியும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி. பெயரிலேயே முகவரி எழுதியிருக்கிறது. முகவரியை அழித்துவிட்டு ஆளைக் காணோம் என்று குழுவில் கேட்கிறாய், தம்பி.

ஆடியில் அந்த ஜேசிபி அள்ளிப்போட்ட மண் குவியலை நான் போய்ப் பார்த்தேன். கோரைத் தாள்களை மடக்கிக் கட்டிய ஒரு கூடு, பாதி சேற்றில். மூன்று முட்டைகள் உடைந்து, ஒன்று முழுசாக. வெளிறிய நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள். முழுசாக இருந்ததைக் கையில் எடுத்தேன், குளிர்ந்திருந்தது. திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை. எடுத்துக் குழுவில் போட்டிருக்க வேண்டும்.

சம்பங்கோழி மட்டுமில்லை. நீலத் தாழைக்கோழி அந்தத் தண்டுகளின் குருத்தைக் காலால் பிடித்துத் தின்னும். மஞ்சள் குருகு இரண்டு தாள்களை இரண்டு காலால் பற்றிக்கொண்டு, தானும் ஒரு தாள் மாதிரி நிற்கும். எங்கள் ஏரியில் அது இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது, அவ்வளவு நன்றாக ஒளியும். கீற்றுத் தூக்கணாங்குருவி பனைமரத்துக்குப் போகாமல் சம்பு உச்சியில் கூடு தொங்கவிடும். இவற்றுக்கெல்லாம் கரையில் கல் பதித்து நடைபாதை போட்டு, ‘பறவைகளைக் காப்போம்’ என்று பலகையும் வைத்தால் என்ன பயன்? அந்தப் பலகையில் இருப்பது ஃபிளமிங்கோ படம். எங்கள் ஏரிக்கு ஃபிளமிங்கோ எந்தக் காலத்தில் வந்தது?

எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும். பாம்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, தவளையும் மீனும் தின்னும். கொசு என்பார்கள். கொசு ஊர்ச் சாக்கடையை ஏரியில் திருப்பிவிட்டதால் வருகிறது, அந்தக் குழாயை ‘புத்துயிர்’ குழு தொடவே இல்லை. சம்பு இவ்வளவு அடர்ந்ததற்கும் அந்தச் சாக்கடைச் சத்துதான் காரணம். குழாயை விட்டுவிட்டுச் செடியைப் பிடுங்குவது, பேதியாகிற பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் துணி மாற்றிக்கொண்டே இருப்பது போல.

கொள்ளளவு குறைகிறது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஏரி பாசனத்துக்கானது, பறவைச் சரணாலயம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். என் தம்பி நிலமும் அந்த மதகில்தான் பாய்கிறது. மதகுக்கு முன்னாலும், கலங்கல் ஓரத்திலும், வரத்துக்கால்வாயிலும் கோரை நிற்கக் கூடாது, அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆழத்தில் வண்டல் எடுக்கட்டும். ஆகாயத்தாமரையையும் சீமைக்கருவேலத்தையும் வேரோடு அள்ளட்டும், முதல் ஆளாக மண்வெட்டி எடுத்து வருகிறேன். ஆனால் உள்வாய் ஓரம் முழங்கால் தண்ணீரில் நிற்கும் கோரை எந்த மதகை அடைத்தது? அலையை வாங்கிக் கரையைக் காத்ததும், வெள்ளத்தோடு வரும் வண்டலை ஓரத்திலேயே பிடித்து வைத்ததும் அதுதான். அதை எடுத்த முதல் மழையிலேயே சித்தேரிக் கரையில் இரண்டு இடம் அரித்திருக்கிறது. போய்ப் பாருங்கள்.

முன்பு இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நடந்தது. பாய் முடைகிறவர்கள் வருடாவருடம் வந்து அறுத்துப்போவார்கள், வேரை விட்டுவிடுவார்கள், அடுத்த வருடமும் வேண்டுமே. மாடுகள் ஒருபுறம் மேயும். ஒருபுறம் அறுத்தது தளிர்க்கும்போது மறுபுறம் முற்றி நிற்கும், கோழிக்கு ஒளிய இடம் எப்போதும் இருக்கும். போலந்துக்காரர்கள் பனி இயந்திரம் வைத்துச் செய்வதை எங்கள் ஊர்ப் பெண்கள் கருக்கரிவாளை வைத்துச் செய்தார்கள். பிளாஸ்டிக் பாய் வந்தது, அறுக்க ஆள் வருவது நின்றது, கோரை ‘புதர்’ ஆனது. பத்தமடைப் பாயைக் கண்காட்சியில் பார்த்து ‘நம் பாரம்பரியம்’ என்று பெருமைப்படுகிறவர்கள்தான் ஏரியில் நிற்கும் கோரையைக் குப்பை என்கிறார்கள். பைஞ்சாய்ப் பாவை என்று சங்க காலத்துப் பெண் பிள்ளைகள் வைத்து விளையாடிய பொம்மையும் கோரையால் செய்ததுதான். டெல்டாவில் ஓர் ஆற்றுக்கே கோரையாறு என்று பெயர். நம் முன்னோர் குப்பையின் பெயரையா ஆற்றுக்கு வைத்தார்கள்?

பெரிய ஏரிக்கு நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உள்வாயின் மேற்கு ஓரத்தில் ஒரு பட்டையை அப்படியே விடுங்கள். மீதியில் எடுக்க வேண்டியதை, முட்டையும் குஞ்சும் இல்லாத கோடையில் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு காலை நேரம் கரையில் உட்கார்ந்து என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள், நோட்டுப் புத்தகம் நான் வாங்கித் தருகிறேன். பாய் முடைகிற குடும்பங்கள் பக்கத்து ஊரில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. அவர்களிடம் போய் அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஜேசிபி வாடகையாவது மிச்சமாகும்.

டீசர்ட் பிள்ளைகள் என் மேல் கோபப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் ஏரிக்கு வந்த நீங்கள்தான் இந்த ஊரின் நல்ல பிள்ளைகள். தவறான பாடம் நடத்திய வாத்தியார்களில் நானும் ஒருவன். கூட்டத்துக்கு நாள் குறித்ததும் சொல்லுங்கள், வருகிறேன். முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், முழங்கால் வலி.